ஆசிரியர் பெயர் தெரியவில்லை

முக்கூடல் என்றால் இன்றைய நெல்லைக்காரருக்கு முத்துமாலை அம்மன் கோயிலும் பீடித் தொழிலும்தான் நினைவுக்கு வரும். தமிழ் படித்தவர்களுக்கு முக்கூடல் வேறு ஊர். தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் வந்து சேரும் சீவலப்பேரிக்குப் பழைய பெயர் அது. முக்கூடற்பள்ளு அந்த ஊர் அழகரைப் பாடிய நூல். வடிவழகக் குடும்பன், அவனுடைய இரண்டு மனைவியர், அவனைத் தொழுவில் மாட்டும் பண்ணைக்காரன் என்று நாலு பேரை வைத்துக்கொண்டு ஒரு பண்ணையின் முழு ஆண்டையும் சொல்லிவிடுகிறது. நெல்லிலும் மாட்டிலும் மீனிலும் அது அடுக்கும் பெயர்களை வயலில் இறங்காதவன் கற்பனையாகக் கட்டியிருக்க முடியாது. பாடியவர் என்னயினாப் புலவர் என்று ஒரு பேச்சு உண்டு, ஆனால் அது உறுதிப்படவில்லை. ஆகவே ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போகிறோம். அதே சீவலப்பேரியில் பேர்போன சுடலை மாடன் கோயிலும் இருக்கிறது. சுடலையின் கதையை வில்லுப்பாட்டாகப் பாடுகிறவர்கள் விஷயத்திலும் இதே வாக்கியத்தைத்தான் எழுதி வருகிறோம். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. பள்ளுக்காரரின் பெயர் காலத்தில் தொலைந்தது. வில்லுக்காரரின் பெயர் தொலையவில்லை, கலைக்குப் புத்துயிர் கொடுத்தபோது விடப்பட்டது. அதுவும் போன நூற்றாண்டில், ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் வந்த பிறகு.

புத்துயிர் கொடுக்கும்போது செய்தவரை விட்டுவிடுவது உலகில் புதிதல்ல. 1998-ல் கிரெய்க் மெக்ராக்கன் உருவாக்கிய ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ கார்ட்டூன் தொடரை 2016-ல் திரும்பக் கொண்டுவந்தபோது அதில் அவருக்குப் பங்கில்லை. மூன்று சிறுமிகளுக்குக் குரல் கொடுத்த பழைய நடிகைகளும் மாற்றப்பட்டார்கள். ஆனாலும் மெக்ராக்கனின் பெயர் ஊருக்கே தெரியும். அவர் இல்லையே என்று ரசிகர்கள் கேட்டார்கள். வில்லுப்பாட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை.

வில்லுப்பாட்டு நெல்லை, குமரி மாவட்டங்களின் கோயில் கொடை விழாவுக்குரிய கலை. ஊரில் வில்லடி என்றே சொல்வார்கள். நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, அதன் நடுவை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி இரு கையிலும் வீசுகோல் பிடித்து நாணில் அடித்துப் பாட, உடுக்கையும் தாளமும் கட்டையும் கூடவே போகும். குடத்துக்காரர் குடத்தின் வாயில் பட்டையால் அறைவார். ஒருவர் வலம் பாட, இன்னொருவர் இடம் பாடி வாங்கிக்கொள்வார். இவ்வளவும் மேடையில் தெரிவது. தெரியாதது ஒன்று உண்டு. கதை தெய்வத்தின் சாவை நெருங்கும்போது பாட்டின் நடை மாறும், குடம் முறுகும், சாமியாடிக்கு அருள் வரும். அருள் வரும்வரை அண்ணாவி அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். நள்ளிரவுப் படைப்புக்கு எந்தக் கட்டத்தில் கதை நிற்க வேண்டும் என்ற கணக்கும் அவரிடம்தான் இருக்கிறது. பாடத் தெரிவது அவருடைய தொழிலில் பாதி, ஓர் இரவை நடத்தத் தெரிவது மீதி.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து சிறு வயதில் வில்லுப்பாட்டிலேயே தொடங்கிய என்.எஸ்.கிருஷ்ணன் இந்த வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோனார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். நெல்லை சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் உரியதாக்கினார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தபோது, தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு வில்லுப்பாட்டு என்றால் அவர் முகம்தான். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாமே கதை கட்டி, தாமே மெட்டமைத்து, தம் பெயரில் பாடிய படைப்பாளி அவர். குறை அவரைச் சுற்றி எழுதப்பட்ட வரலாற்றில் இருக்கிறது. அழிந்துகொண்டிருந்த கலையை நகரம் மீட்டது என்பதே அந்த வரலாற்றின் சாரம். இது உண்மையல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரிப் பக்கத்துக் கொடைகளில் நேரில் பார்த்துக் கேட்டு வில்லுப்பாட்டைப் பற்றி எழுதிய நூல் 1988-ல் வந்தது. அதில் இருப்பது இரவெல்லாம் ஊரே உட்கார்ந்து கேட்கும் கலை. சிறுமியாகப் பாடத் தொடங்கிப் பல ஆண்டுகள் வில்லின் முன் அமர்ந்த பூங்கனி 2018-ல்தான் காலமானார். மூச்சு நின்றிருந்தால் அல்லவா புத்துயிர் வேண்டும்? நகரம் எடுத்துக்கொண்டது கலையின் வடிவத்தை. கொடையும் அருளும் விடிய விடியப் பாடும் நேரமும் அரைமணி நேர நிகழ்ச்சிக்குள் அடங்காதவை. அவற்றை விட்டபோது அவற்றை நடத்தத் தெரிந்தவர்களையும் விட வேண்டியதாயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டையும் சிறுசேமிப்பையும் பாட அண்ணாவி எதற்கு?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நாட்டார் கலைக்கு ஏது ஆசிரியர், அது பொதுச்சொத்து. வில்லுப்பாட்டு ஒரே சாதியிடமோ குடும்பத்திடமோ இருந்ததில்லையே, யார் பெயரைப் போடுவது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பலர் சேர்ந்து செய்தது யாரும் செய்யாதது ஆகிவிடாது. வில்லுக்கதைகள் வாய்ப்போக்கில் பிறந்தவை மட்டுமல்ல. அவற்றுக்கு ஏடு உண்டு, குரு உண்டு, இன்ன அண்ணாவியின் பாடம் என்ற வேறுபாடும் உண்டு. செய்தவனை மறந்தால் கதைக்கு என்ன ஆகும் என்பதற்குத் தாமிரபரணியின் தலைமாட்டிலேயே சான்று இருக்கிறது. ஆரியநாயகிபுரத்துப் பிராமணன் முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் மையல் கொள்கிறான். பகடை சளைக்காமல் நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியைக் களை, செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் மூன்றையும் செய்கிறான். மணமுடித்த கையோடு மாடு திருட வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பெண்கள் தீப்பாய்கிறார்கள். இந்தக் கதையை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா.வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது. பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று சொல்லும் பாடங்களும் புழங்குவதை அவர் சுட்டினார். சாதி மீறிய மணத்தைச் செரிக்க முடியாதவர்கள் பின்னால் செய்த ஒட்டு அது என்பது அவர் முடிவு. மதுரை வீரனுக்கும் இதுவே நடந்தது. 1956-ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் வீரன் அரச குலத்தில் பிறந்து, செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தவன்தான்.

ஆகவே பெயரை விடுவது வெறும் மரியாதைக் குறைவு அல்ல. உரியவன் இல்லாத கதையில் யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம். இன்ன ஊர் இன்னாருடைய பாடம் இது என்று எழுதி வைத்திருந்தால், ஒட்டுப் போட்டவனும் தன் பெயரைச் சொல்லியாக வேண்டியிருக்கும். ஒட்டுப் போட்டவர்களால் தொட முடியாத ஒரு பொருளும் இருக்கிறது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் நேர்ச்சையாக வருவது தோல் செருப்பு. பெண்களைப் பிராமணக் குழந்தைகள் ஆக்கியவர்களும் அந்தச் செருப்பைப் பூணூலாக்க முடியவில்லை.

சேகரித்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், ஓரளவு ஒழுங்குதான். வானமாமலை 1964-ல் கொண்டுவந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பில் பாட்டுக்கு அடியில் சேகரித்தவர் பெயரும் வட்டாரமும் அச்சாகியிருக்கும், சிலவற்றில் பாடியவர் பெயரும் இருக்கும். பின்னால் அதிலிருந்து எடுத்து ஆண்டவர்கள் முதலில் உதறியது அந்தச் சிற்றெழுத்து வரியைத்தான். சட்டம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 1957-ன் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம் நிகழ்த்துவோருக்கு உரிமை கொடுத்தது. அவர்கள் யார் யார் என்று சொல்லுமிடத்தில் பாடகர், நடிகரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் வருகிறார்கள் (தில்லியில் யாரோ திருவிழாவுக்குப் போய் வந்தவர் எழுதியிருக்க வேண்டும்). 2012 திருத்தத்தின்படி, தன் நிகழ்ச்சிக்குத் தன் பெயரைச் சொல்லும்படி நிகழ்த்துபவர் கோரலாம். ஆனால் இது பாடிய பாட்டுக்கு மட்டும். தலைமுறையாகத் திரண்டுவந்த கதைக்கு உரியவர் யார் என்பதில் சட்டத்துக்கு அக்கறையில்லை. யுனெஸ்கோவும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் 1982-ல் இதற்கென மாதிரி விதிகள் எழுதிக் கொடுத்தும் இந்தியாவில் தனிச் சட்டம் வரவில்லை.

பெயர் போட்டுக்கொண்டிருந்தால் கலை நின்றுபோகும், புதியவர்கள் கைவைக்கத் தயங்குவார்கள் என்று ஒரு கவலையும் சொல்லப்படுகிறது. இது காரியத்துக்கு ஆகாத பேச்சு. நெல்லைக் கிராமத்தில் கொடைக்கு அடிக்கும் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தாளில் குடியழைப்பு எப்போது, மதியக் கொடை எப்போது, சாமக்கொடை எப்போது என்ற வரிசைக்கு நடுவே தடித்த எழுத்தில் வில்லிசை என்று போட்டு, அடியில் அண்ணாவியின் ஊரையும் பெயரையும் குழுவினரையும் அச்சடித்திருப்பார்கள். யார் பாடுகிறார் என்று பார்த்துத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.