வானத்து வெளிச்சமும் ஞானரதம் ஏறிய கவிஞரும்

வானத்தில் திடீரென்று ஒரு புது வெளிச்சம் தோன்றினால் மனிதனுக்கு முதலில் வருவது ஆச்சரியம். அடுத்து வருவது அச்சம். அச்சத்தைத் தாண்டி, "இது என்ன? ஏன் வந்தது?" என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் சிலரே. அப்படிக் கேட்டவர்களில் நம் தமிழ்க் கவிஞர் ஒருவரும் உண்டு. அவர் கேட்ட கேள்வியையும், நம் சிங்கப்பூர் வானம் கண்ட சில வெளிச்சங்களையும் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய அச்சம்

வால்நட்சத்திரத்தை நம் முன்னோர் புகைக்கொடி என்றார்கள். வடமொழியில் அதுவே தூமகேது. சிலப்பதிகாரத்திலேயே அது வறட்சியோடும் கேட்டோடும் சேர்த்துப் பேசப்படுகிறது. புறநானூற்றில் கூடலூர் கிழார் என்னும் புலவர், ஒரு விண்மீன் எரிந்து விழக் கண்டு, தம் சேர மன்னனுக்கு என்ன நேருமோ என்று கலங்குகிறார். ஏழாம் நாள் மன்னன் மாண்டான் என்று பாட்டு சொல்கிறது.

"வாலு முளைச்ச வெள்ளி வந்தா ராசாவுக்கு ஆகாது, ஊருக்கு ஆகாது" என்று பாட்டிமார் சொன்னதெல்லாம் இந்த நீண்ட வழியில் வந்ததுதான். நம்மவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. சீனர், ரோமர், ஐரோப்பியர் எல்லாரும் அப்படியே நினைத்தார்கள். ராஜாக்கள் எப்போதும் எங்காவது இறந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆகவே சொன்னது பலித்தது போலவும் தோன்றியது!

சிங்கப்பூரில் கேட்ட வெடி

1883 ஆகஸ்ட் 27. சிராங்கூன் ரோட்டில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்த காலம். அந்த வட்டாரத்தை நம்மவர் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். அன்று சிங்கப்பூரில் பீரங்கி வெடிப்பது போன்ற ஓசை கேட்டது. ஏதோ கப்பல் ஆபத்தில் சிக்கி உதவிக்கு வெடி வைக்கிறது என்று நினைத்து, தேடிப் பார்க்க இரண்டு நீராவிக் கப்பல்களை அனுப்பினார்கள்.

அங்கே எந்தக் கப்பலும் ஆபத்தில் இல்லை. சுமார் 840 கிலோமீட்டர் தொலைவில், சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவில், கிரக்கத்தோவா எரிமலை வெடித்திருந்தது. அதனால் எழுந்த கடல் அலைகளில் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

வெடித்த தூசி மேல் வானத்துக்கு ஏறி உலகத்தையே சுற்றியது. அடுத்த மாதம் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. நவம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் பக்கத்தில் மாலை வானம் செக்கச் செவேலென்று எரிந்ததைக் கண்டு, ஊர் பற்றிக்கொண்டது என்று தீயணைப்பு வண்டியை அழைத்தார்கள். பச்சைச் சூரியனுக்கும் சிவந்த வானத்துக்கும் காரணம் பேயுமல்ல, பிசாசுமல்ல. காற்றில் மிதந்த நுண்ணிய தூசி சூரிய ஒளியைப் பிரித்துக் காட்டியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காரணம் தெரியவர மாதங்கள் ஆயின. அதுவரை பச்சைச் சூரியனைப் பார்த்தவர்கள் மனத்தில் என்னென்ன ஓடியிருக்கும்!

வால்நட்சத்திரம் மறையுமுன் பிறந்த குழந்தை

அதற்கு முந்தைய ஆண்டு, 1882 செப்டம்பரில், பட்டப்பகலில் சூரியனுக்கு அருகிலேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. அது முற்றிலும் மறையாமல் விடியற்கால வானத்தில் நீடித்தபோது, டிசம்பர் 11-ம் தேதி, எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சுப்பிரமணியன் என்று பெயரிட்டார்கள். அவரே பின்னாளில் மகாகவி பாரதியார்.

உடனே, "ஓகோ, வால்நட்சத்திரத்தில் பிறந்ததால்தான் மகாகவி ஆனார்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! அதே மாதத்தில் பிறந்த பிள்ளைகள் ஆயிரமாயிரம். அவரை மகாகவி ஆக்கியது அவருடைய உழைப்பும் படிப்பும் அவர் பட்ட பாடும்தான்.

ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினொன்றாம் வயதில் எட்டயபுரம் அவையில் 'பாரதி' பட்டம் பெற்றார். 1897-ல் செல்லம்மாளை மணந்தார். 1898-ல் தந்தையும் மறைந்தார். காசிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டில் சென்னை சுதேசமித்திரனில் உதவியாசிரியரானார். பின்பு 'இந்தியா' வாரப் பத்திரிகை. வெள்ளைக்கார ஆட்சியின் பிடி இறுகியதும் 1908-ல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்து நடத்தினார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றே போயிற்று. கையில் தொழில் இல்லை, வீட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

ஞானரதம்

அந்த 1910-ல்தான் அவருடைய 'ஞானரதம்' நூலாக வந்தது. தமிழில் இப்படி ஒரு கற்பனைக் கதை அதற்கு முன் வந்ததில்லை எனலாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு மாடியில், மாலைக் கடற்காற்றில் படுத்திருக்கும் ஒருவன் ஞானம் என்னும் தேரில் ஏறுகிறான். கவலையே இல்லாத உபசாந்தி லோகத்துக்குப் போகப் பார்க்கிறான். அங்கே போக வேண்டுமானால் மனத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டுமாம்! மனமோ விடுவேனா என்கிறது. பிறகு இன்பமே வடிவான கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று சுற்றி வருகிறான். நடுவிலே மண்ணுலகமும் வருகிறது. அங்கே கடன் தொல்லை, பத்திரிகை வேலை எல்லாம் அப்படியே காத்திருக்கின்றன!

வேடிக்கையாகத் தோன்றினாலும் விஷயம் ஆழமானது. கையில் காசில்லாதவன், ஊருக்குத் திரும்ப வழியில்லாதவன், கற்பனையிலே வானம் முழுதும் சுற்றி வருகிறான். அவனை யார் சிறை வைக்க முடியும்? ஆனால் கற்பனையில் சுற்றினாலும் கடைசியில் மண்ணுலகத்தை அவன் மறக்கவில்லை. பிற்காலத்தில் பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களுக்காகக் கண்ணீர் வடித்துப் பாடியவரும் இதே பாரதிதான்.

இதே காலத்தில் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயினும், சொர்க்கத்துக்குப் போகும் வழியில் ஒரு வால்நட்சத்திரத்தோடு பந்தயம் விடும் கப்பல் தலைவன் ஒருவனைப் பற்றிக் கதை எழுதி, 1909-ல் நூலாக்கினார். 1835-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது பிறந்த அவர், அது திரும்பி வந்த 1910 ஏப்ரலில் காலமானார்.

உலகமே நடுங்கிய மே மாதம்

ஹாலி வால்நட்சத்திரம் சுமார் 75, 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1531, 1607, 1682-ல் வந்தது ஒன்றே என்று கணக்கிட்டு, 1758-ல் திரும்ப வரும் என்று சொன்னவர் எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில அறிஞர். அவர் இறந்த பிறகு, சொன்ன அந்த ஆண்டிலேயே அது வந்தது! சோதிடம் சொன்னதல்ல, கணக்கு சொன்னது.

1910 மே 18, 19 தேதிகளில் பூமி அதன் வாலைக் கடக்கும் என்று தெரிந்தது. வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பதையும் கண்டுபிடித்திருந்தார்கள். போதாதா? உலகம் அழியப் போகிறது என்று பல நாடுகளில் கலக்கம். வால்நட்சத்திர மாத்திரை என்று விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. மே 6-ம் தேதி இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு இறந்தார். "பார்த்தியா, நான் சொல்லல?" என்பவர்களுக்கு அது பெரிய சான்றாகிவிட்டது.

மலாயாத் தோட்டங்களில் ரப்பர் விலை உச்சத்துக்கு ஏறியிருந்த ஆண்டு அது. ஒப்பந்தக் கூலி முறையில் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டதும் அந்த ஆண்டில்தான். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு விடியற்கால வானம் புதிதல்ல. விடிவெள்ளியைப் பார்த்து மணி சொல்பவர் அவர். மே மாதத்தின் முற்பாதியில் அந்தக் கீழ்வானத்தில்தான் நீண்ட வாலோடு அது நின்றது.

முடிவில் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. வால் என்பது, பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஓர் உருண்டை சூரிய வெப்பத்தில் ஆவியாகிப் பல கோடி கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவுவது. மிக மிக மெல்லியது. அதிலுள்ள வாயு நம் காற்றுக்குள் புகுந்து ஒரு கொசுவைக்கூடக் கொல்ல வல்லதல்ல. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீளும். கொடைக்கானல் வான ஆய்வுக்கூடத்தில் அந்த வால்நட்சத்திரத்தைப் படம் பிடித்து வைத்தார்கள்.

மெய்யா, பொய்யா?

புதுச்சேரியில் பாரதியாரும் அதைப் பார்த்தார். 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று ஒரு பாட்டு எழுதினார். அந்தத் தமிழ் ஆண்டின் பெயரே சாதாரண என்பது.

அந்தப் பாட்டில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, வால் மெல்லிய வாயுவால் ஆனது, ஏழைகளுக்கும் இடர் செய்யாமல் போவது என்று அறிஞர் கண்ட உண்மையை அவர் தெரிந்து வைத்திருந்தார். இரண்டு, இந்த அறிவை நாம் அந்நியர் வாய்க் கேட்டே அறிய வேண்டியிருக்கிறதே, நம் நூல்களை நாம் மறந்து பல நூறாண்டு ஆயிற்றே, நம்மிடையே தெளிந்தவர் இல்லையே என்று வருந்தினார். மூன்று, நீ தீமை செய்வாய் என்கிறார்கள், புதுமை விளைப்பாய் என்கிறார்கள், ஞானத்தைத் திருப்பித் தருவாய் என்கிறார்கள் என்று ஊரார் பேச்சையெல்லாம் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இது மெய்யா பொய்யா என்று அந்த நட்சத்திரத்தையே கேட்டார்.

பாரதியார் தெய்வ நம்பிக்கை உள்ளவர். நாட்டுக்கு நல்ல காலம் வராதா என்ற ஏக்கமும் அவருக்கு இருந்தது. இருந்தும், கேட்டதை அப்படியே நம்பவில்லை, கேள்வி கேட்டார். பின்பு அவர் எழுதிய புதிய ஆத்திசூடி அச்சத்தை விலக்கும் கட்டளையோடு தொடங்குகிறது. அதிலேயே வானநூலில் பயிற்சி பெறச் சொல்கிறார். சோதிடத்தை இகழவும் சொல்கிறார். இந்த இரண்டையும் பிள்ளைகள் சேர்த்து மனத்தில் வைக்க வேண்டும்.

அச்சமில்லாமல் வாழ்ந்த அவரும் வறுமையை வெல்லவில்லை. 1918-ல் புதுச்சேரியை விட்டு வந்ததும் கைதாகிச் சில வாரம் கடலூர்ச் சிறையில் இருந்தார். 1920-ல் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்புமுன், மறைந்தார்.

தேக்கா வானத்தில்

ஹாலி வந்து போன மறு ஆண்டு, 1911 மார்ச் 16-ம் தேதி, ஃபேரர் பார்க்கில் அப்போதிருந்த குதிரைப் பந்தயத் திடலில் ஜோசப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஆகாய விமானம் ஓட்டிக் காட்டினார். சிங்கப்பூர் வானில் பறந்த முதல் விமானம் அதுவே. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அந்தத் திடலின் நினைவாக நிற்கிறது. ஞானரதத்தில் கவிஞர் கற்பனையாகப் பறந்த மறு ஆண்டில், நம்மவர் குடியிருந்த சிராங்கூன் ரோட்டுப் பக்கத்திலேயே மனிதன் மெய்யாகப் பறந்தான்!

ஆனால் வானத்து வெளிச்சம் எல்லாமே தீங்கற்றது என்று நினைப்பதும் தவறு. 1941 டிசம்பர் 8, விடியற்காலை 4 மணியைத் தாண்டிய நேரம். தேடுவிளக்குகளின் ஒளியில் 17 விமானங்கள் பளபளத்தன. ஒத்திகை நடக்கிறது என்று பலர் வேடிக்கை பார்த்தார்கள். நகரத்து விளக்குகளை அணைக்கக்கூட இல்லை. அவை ஜப்பானிய விமானங்கள். குண்டு விழுந்து 61 பேர் மாண்டார்கள். 1910-ல் அஞ்ச வேண்டாததற்கு அஞ்சினார்கள். 1941-ல் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மேலே தெரிவது என்ன என்று தெரியாமை.

1957-ல் ருஷ்யாவின் ஸ்புட்னிக் பறந்தபோதும் உலகமெங்கும் மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். 2019 முதல் வரிசை வரிசையாய்ப் போகும் செயற்கைக்கோள்களைக் கண்டு, "பறக்கும் தட்டு வந்திருக்கு" என்று கைபேசியில் செய்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கருவி புதிது, கலக்கம் பழையது.

பெற்றோருக்கு ஒரு சொல்

ஹாலி 1986-ல் மீண்டும் வந்தது. இம்முறை ஜியோட்டோ என்ற விண்கலம் மார்ச் 14-ம் தேதி சுமார் 600 கிலோமீட்டர் அருகே சென்று படம் எடுத்தது. அஞ்சி நடுங்கிய உலகம் 76 ஆண்டில் அதன் வாசலுக்கே போய்விட்டது! அந்த உருண்டையின் நீளம் 15 கிலோமீட்டர்தான்.

அடுத்து அது வருவது 2061-ல். இன்று ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அன்று யாராவது மாத்திரை விற்க வந்தால் வாங்குமா, அல்லது தன் பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போய்த் தமிழிலேயே விளக்கிச் சொல்லுமா? அது நாம் இன்று வளர்க்கும் விதத்தில் இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை வானத்தைக் காட்டி "அது என்னம்மா?" என்று கேட்டால், "அங்கே பார்க்காதே, ஆகாது" என்று சொல்லாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "வா, டீச்சரிடம் கேட்போம், நூலகத்தில் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தோட்டத்தில் உழைத்த நம் தாத்தா பாட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. விடியற்கால வானத்தை நாள்தோறும் பார்த்தார்கள். அதைச் சொல்லித்தர ஆளில்லை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது, நூல் இருக்கிறது, கேட்க மொழியும் இருக்கிறது. நம்மிடையே தெளிந்தவர் இல்லையே என்று 1910-ல் கவிஞர் பட்ட வருத்தத்தை அந்தப் பிள்ளைகள் தீர்த்து வைக்கட்டும்.