பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: குடலையும் கவனிக்க வேண்டும்

குழந்தை பிறந்து மூன்றாம் நாள் கண்ணும் முகமும் மஞ்சளாகத் தெரிந்தால், "காலை வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகியும் விடுகிறது. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் வருவது இயல்பே. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த மஞ்சளோடு பிறவிக் குடல் அடைப்பும் சேர்ந்திருக்கும். அதைத்தான் நாம் தவறவிடக் கூடாது.

குடலுக்கும் மஞ்சளுக்கும் என்ன தொடர்பு?

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கருமலத்தில் இந்தப் பிலிரூபின் நிறைய இருக்கும். மலம் வெளியேறினால் அதுவும் வெளியேறும்.

குடலில் அடைப்பு இருந்தால் மலம் உள்ளேயே தங்கும். குழந்தையின் குடலிலுள்ள ஒரு நொதி, கல்லீரல் பக்குவப்படுத்திய பிலிரூபினை மறுபடியும் பிரித்துவிடும். அது இரத்தத்துக்கே திரும்பிப் போகும். குழந்தை பால் குடிக்க முடியாததால் மஞ்சள் இன்னும் கூடும். முன்சிறுகுடல் மூடியிருப்பது, சிறுகுடலில் துண்டு விடுபட்டிருப்பது, பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்பிரங் நோய், குடல் திருகிக்கொள்வது ஆகியவை இத்தகைய கோளாறுகள்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

• பச்சை நிறத்தில் வாந்தி. குடல் திருகலாக இருந்தால் சில மணி நேரத்திலேயே இரத்த ஓட்டம் நின்று குடல் அழுகிவிடக் கூடும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.
• பிறந்து 24 மணி நேரத்தில் கருமலம் போகாதிருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 48 மணி நேரம் தாண்டினால் பரிசோதனை அவசியம்.
• வயிறு உப்பிக் கடினமாவது.
• பிறந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவது, அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவுவது.
• குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுப்பது.
• 14 நாளுக்கு மேலும் மஞ்சள் நீடிப்பது. மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாவது. இது பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். இதற்கு ஜப்பானிய மருத்துவர் கசாய் 1959-ல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சை உண்டு. 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

சிகிச்சை

1950களில் இங்கிலாந்தின் ரோச்போர்டு மருத்துவமனையில், வெளிச்சம் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைவதை ஒரு செவிலியர் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் நாம் "லைட்டில் வைப்பது" என்று சொல்லும் நீல ஒளிச் சிகிச்சை. பிலிரூபின் எல்லை மீறி மூளையில் படிந்தால் காது கேளாமையும் மூளைவாதமும் வரும். அதை இந்த ஒளி தடுக்கிறது. ஜன்னல் வெயில் இதற்கு ஈடாகாது.

ஆனால் ஒளி அடைப்பை நீக்காது. அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணர் முடிவு செய்ய வேண்டும். அடைப்பு நீங்கிக் குழந்தை பால் குடித்து மலம் கழிக்கத் தொடங்கினால் மஞ்சளும் இறங்கும். அதுவரை தாய்மார்கள் பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைத்தால் சுரப்பு நிற்காது.

வீட்டில் செய்யக் கூடாதவை

சீனித் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடாது. பச்சை வாந்தி எடுக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும்வரை வாயில் எதுவும் தரக் கூடாது. தஹ்னீக் செய்ய நினைப்பவர்களும் குழந்தை தேறும்வரை பொறுத்துக்கொள்ளலாம். ஏழாம் நாள் அகீகா முடியட்டும், நாற்பது நாள் கழியட்டும் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே போவது?

தேங்காய்த்திட்டு, முதலியார்பேட்டைப் பக்கம் இருக்கும் குடும்பங்கள் வெளியூருக்கு அலைய வேண்டியதில்லை. எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மரில் குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. கர்ப்பகால ஸ்கேனில் பனிக்குட நீர் அதிகம் என்றோ, குழந்தையின் குடலில் சந்தேகம் என்றோ சொன்னால், இத்தகைய பிரிவுள்ள இடத்திலேயே பிரசவம் பார்ப்பது நல்லது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குவோம்: கருமலம் எப்போது போனது, பிலிரூபின் அளவு எவ்வளவு, மறுபடி எந்த நாளில் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொரு துணி மாற்றும்போதும் மலத்தின் நிறத்தைப் பார்ப்போம். செலவில்லாத இந்தக் கவனிப்பு ஒரு குழந்தையின் உயிரைக் காக்கும்.