குடியுரிமையும் வன்னி மண்ணும்

1948 பெப்ரவரியில் சுதந்திரமடைந்த இலங்கை, அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோனது. அச்சட்டத்தை எதிர்த்து நின்ற செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். சிங்கள, தமிழ்த் தேசியங்கள் இரண்டுமே தோட்டத் தொழிலாளியை முன்னிறுத்தித்தான் தம் எல்லையை வரைந்தன.

1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

1977 இன வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த பலர் வன்னிக்கு வந்தனர். வவுனியாவில் காந்தீயம் இயக்கம் அவர்களைக் குடியமர்த்தியது. அதை நிறுவியோரில் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். காடு வெட்டிக் கழனியாக்கிய அம்மக்கள், 2009 இல் முடிந்த போரின் இழப்புகளையும் சுமந்தனர்.

நாடற்றிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. ஆயினும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களிற் பலருக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு எட்டவில்லை. வரலாற்றின் அளவுகோலில் இலங்கை இன்னும் இளைய அரசுதான். அது இம்மக்களை எவ்வாறு நடத்தப்போகிறது என்று கேட்கும் நாம், வடபுலத் தமிழர் அவர்களை எவ்வாறு நடத்தினோம் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.