கிறிஸ்மஸ் தீவின் எறும்புப் போர்

1958 வரை சிங்கப்பூர் ஆட்சியின் கீழிருந்த கிறிஸ்மஸ் தீவு, மனிதர் குடியேறுமுன் செந்நண்டுகளின் நாடாகவே விளங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குப் பாஸ்பேட் சுரங்கமும் துறைமுகமும் குடியிருப்பும் எழுந்தன. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில், அழையா விருந்தாளியாய் மஞ்சள் எறும்பும் வந்து சேர்ந்தது.

அரை நூற்றாண்டிற்கு மேல் அடங்கிக் கிடந்த அவ்வெறும்பு, 1989இல் பெருங்கூட்டமாய்ப் பெருகியிருக்கக் காணப்பட்டது. இதன் கூட்டில் அரசிகள் பலர். அண்டைக் கூட்டாரோடு பகையும் இல்லை. ஆகவே காடே ஒரு குடியாகிவிடுகிறது. எறும்புகள் பீய்ச்சிய அமிலத்தால் கண்ணிழந்து மடிந்த நண்டுகள் கோடிக்கும் மேலாம். அவை மறைந்த காட்டில் சருகு குவிந்தது.

2002இல் ஹெலிகாப்டரிலிருந்து நச்சிரை தூவினர். எறும்புகள் குறைந்தன, பின்னர் மீண்டும் பெருகின. எறும்பைக் கொன்றால் போதுமா? அதன் அடுப்பங்கரையையன்றோ மூட வேண்டும்! மரச்சாறு உறிஞ்சும் ஒருவகை அரக்குப்பூச்சி சொரியும் இனிய நீரே அவ்வெறும்பின் முதன்மை உணவு. அப்பூச்சியும் வந்தேறியே. மலேசியாவிலோ அதன் உடலுள் முட்டையிடும் 2 மில்லிமீட்டர்க் குளவியொன்று அதனைப் பெருகவிடாது அடக்கி வைத்துள்ளது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர், மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் துணையோடு அக்குளவியை ஆராய்ந்தனர். தீவின் பிற உயிர்களுக்கு ஊறு நேராதென்று சோதித்தறிந்த பின்னரே, 2016 டிசம்பரில் அதனை அங்கு விடுத்தனர். குளவி நிலைபெற்றுப் பரவியது. எறும்பை அது தீண்டுவதே இல்லை.