கண்டலமக் குளத்து நன்னீர் மீன்பிடி

மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக்குக் கிழக்கே, கலாவெவ நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் கிளையாறு ஒன்றை மறித்துப் பாசனத்துக்கென அமைக்கப்பட்ட கண்டலமக் குளம், நன்னீர் மீன்பிடிக்கும் களமாயிற்று. இங்கு முதன்மையாகப் பிடிபடும் திலாப்பியா, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனினம்; குளங்களில் தானே பெருகிய அதன் வரவுதான் உள்நாட்டு மீன்பிடியைத் தொழிலாக்கியது எனல் மிகையாகாது. தோணியில் செல்லும் மீனவர், மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் செவுள்வலையை மாலையில் விரித்து விடியலில் இழுப்பர். 1990இல் இத்துறைக்கான ஆதரவை விலக்கிக்கொண்ட அரசு, 1994இல் அதை மீண்டும் வழங்கத் தொடங்கியது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, தம்புள்ளை நிலையத்தில் மீன்குஞ்சுகளை உற்பத்தி செய்கிறது. கட்லா, ரோகு முதலிய இந்தியப் பெருங்கெண்டைகள், திலாப்பியாவைப் போலன்றித் தேங்கிய நீரில் இனம்பெருக்காமையால், அவற்றின் குஞ்சுகளைத் தொடர்ந்து விட்டுவரவேண்டியுள்ளது.