வீங்கிய காலுக்கு ஓர் எண்: கை கால்களின் கனஅளவை அளந்த வரலாறு

யானைக்கால் நோய் இந்திய மருத்துவத்துக்குப் புதியதன்று. சுசுருத சம்ஹிதை அதனைச் 'சிலீபதம்' என்னும் பெயரால் விவரிக்கிறது. 1872இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்னும் மருத்துவர், மனிதக் குருதியில் அந்நோய்ப் புழுவின் நுண்ணிளம் உயிரிகளைக் கண்டறிந்தார். 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இந்நெடிய வரலாற்றில் குருதியிலுள்ள புழுக்களை எண்ணுவதே முதன்மைப் பணியாக இருந்தது. வீங்கிய காலின் அளவு அத்தகைய எண்ணாக மாறவில்லை. இதற்கான காரணத்தின் ஒரு பகுதி, அளவைக் கருவிகளின் வரலாற்றில் உள்ளது.

கையை நீரில் அமிழ்த்திக் கனஅளவை அறியும் முயற்சி, நோயாளியின் பொருட்டுத் தொடங்கியதன்று. நரம்புகளின் வழியே பாயும் ஓர் உயிர்ச்சாரம் தசையை உப்பச் செய்கிறது என்று பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. 1677இல் பிரான்சிஸ் கிளிசன், நீர் நிரம்பிய குழாய்க்குள் கையை வைத்துத் தசையை இறுக்கும் சோதனையை விவரித்தார். நீர்மட்டம் உயரவில்லை, சற்றே தாழ்ந்தது. உப்பும் தசை என்னும் கோட்பாடு அங்கே ஆட்டம் கண்டது.

இதே அளவை மருத்துவமனைக்குத் தேவைப்படச் செய்தது மார்பகப் புற்றுநோய் அறுவை. அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் அகற்றும் விரிவான அறுவையைப் பரப்பிய வில்லியம் ஹால்ஸ்டெட், அதன்பின் தோன்றும் கை வீக்கத்தைப் பற்றி 1921இல் தாமே எழுதினார். 'அறுவையால் வந்த யானைக்கால்' என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் இட்டார். இரு கைகளுக்கும் இடையே 200 மில்லிலிட்டர் அல்லது 10 விழுக்காடு வேறுபாடு என்பது பின்னாளில் பரவலாகக் கையாளப்பட்ட எல்லை. நோய் உண்டா இல்லையா என்பதை ஓர் எண் தீர்மானிக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

அந்த எண்ணைப் பெறும் வழிகள் எளியவையல்ல. புண்ணுள்ள காலை நீர்த்தொட்டியில் இட இயலாது. அளவு நாடா மலிவானது. நான்கு சென்டிமீட்டருக்கு ஒருமுறை சுற்றளவெடுத்து, ஒவ்வொரு துண்டையும் கூம்பின் இடைக்கண்டமாகக் கொண்டு கணக்கிடுவர். சூத்திரத்தில் சுற்றளவு இருபடியாக வருவதால், நாடாவில் நேரும் ஒரு விழுக்காட்டுப் பிழை கனஅளவில் இரண்டாகிறது. மேலும், ஒரே சுற்றளவுள்ள வடிவங்களில் வட்டத்துக்கே பரப்பு மிகுதி. எனவே வட்டமல்லாத காலை நாடா மிகைப்படுத்தியே காட்டும். மடிப்பும் முடிச்சும் மிகுந்த யானைக்காலில் இப்பிழை பெருகுகிறது. மிகுதியாகத் துன்புறும் கால்களையே நாடா மிகவும் தவறாக அளக்கிறது.

மலிவான மாற்று, விளையாட்டுத் துறையிலிருந்து வந்தது. 2010இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கினெக்ட், அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவை இடம்பெயர்ந்து விழும் விதத்திலிருந்து தொலைவைக் கணித்தது. அதுபோன்ற உணரிகளைக் கொண்டு கை கால்களின் முப்பரிமாண உருவை ஆய்வாளர்கள் எடுக்கலாயினர். தொடாமல், நனைக்காமல், உறுப்பின் வடிவத்தையே பதிவுசெய்ய முடிந்தது. குறைகளும் உண்டு. ஆழ்ந்த மடிப்பின் உட்புறம் ஒளிக்கு எட்டாது. நோயாளி அசைந்தால் உருவம் சிதையும். சந்தைக்காகப் பிறந்த கருவி சந்தையோடே மறையவும் கூடும்: கினெக்டின் உற்பத்தி 2017இல் நின்றது. தொடர்ந்து பல்லாண்டு அளக்கவேண்டிய நோய்க்கு இது சிறு இடர் அன்று.

2000இல் தொடங்கிய உலகளாவிய யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டம் இரு நோக்கங்களைக் கொண்டது: பரவலைத் தடுத்தல், நோயுற்றோர் துயர் தணித்தல். முதலாவதற்குக் குருதிப் பரிசோதனை என்னும் தெளிவான அளவுகோல் உண்டு. இரண்டாவதற்கு அத்தகைய கூர்மையான அளவுகோல் இல்லை. வீக்கத்தின் நிலை பெரும்பாலும் கண்ணால் பார்த்தே வகுக்கப்படுகிறது. பரவல் நின்றபின்னும் வீங்கிய கால்கள் எஞ்சியிருக்கும். கழுவுதல், கட்டுப்போடுதல், பயிற்சி ஆகியவற்றால் ஒரு கால் எவ்வளவு குறைந்தது என்று சொல்ல இயலாதவரை, அப்பராமரிப்புக்கு நிதி கேட்பதும் கடினமே. அளவை துயரைத் தணித்துவிடாது; ஆயினும் அளக்கப்படாத துயர் திட்ட அறிக்கைகளில் இடம்பெறுவது அரிது.