விஸ்கியில் புகைமணம்

புகைமணம் கொண்ட விஸ்கிக் கலவைக்குப் புகையூட்டும் கருவி தேவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அந்தப் புகை புட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் மரங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய 'பீட்' எனும் முற்றா நிலக்கரியே அங்கு அடுப்பெரிக்க உதவியது. முளைகட்டிய பார்லியையும் அதன் தீயிலேயே காயவைத்தனர். புகையிலுள்ள பீனால் சேர்மங்கள் தானியத்தின் உமியில் படிந்துவிடும். காய்ச்சி வடித்த பின்னும் அவற்றின் மணம் போவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை எட்டிய பகுதிகளுக்கு நிலக்கரியும் கற்கரியும் எளிதாக வந்தன. அங்கெல்லாம் விஸ்கியில் புகை குறைந்தது. இருப்புப்பாதை எட்டாத ஐலாவில் நிலைத்தது. வேறு விறகில்லாததால் ஏறிய வாடையை இன்று உலகம் தேடி வாங்குவது வேடிக்கைதான்.

2005இல் நியூயார்க்கின் 'மில்க் அண்ட் ஹனி' மதுக்கூடத்தில் சாம் ராஸ் 'பெனிசிலின்' என்ற கலவையை உருவாக்கினார். கலப்பு ஸ்காட்ச், எலுமிச்சைச் சாறு, தேன், இஞ்சி ஆகியவற்றைப் பனிக்கட்டியுடன் குலுக்கி வடித்து, மேலே ஏறத்தாழ 7 மில்லி ஐலா விஸ்கியை மிதக்கவிடுவர். குவளையை வாயருகே கொண்டுபோகும்போதே புகை மூக்கை எட்டிவிடும். வீட்டில் இதற்கு மூடியுள்ள சீசாவும் வடிகட்டியும் ஒரு கரண்டியும் போதும். ஐலா விஸ்கியையும் சேர்த்துக் குலுக்கிவிட்டால், எலுமிச்சையிலும் தேனிலும் புகை அமுங்கிவிடும்.